ஹாட் டப் கசிவு: ஃபோமைக் கத்தியால் வெட்டுவதா, மெஷினால் அரைப்பதா, தண்ணீரால் பீய்ச்சுவதா?

ஹாட் டப் என்பது சூடான நீரில் உட்கார்ந்து குளிக்கும் தொட்டி. முழுக்க ஃபோம் அடைத்த ஹாட் டப்பின் பக்கப் பலகைகளைக் கழற்றினால், பம்பும் ஹீட்டரும் இருக்கும் பக்கம் மட்டும் திறந்து கிடக்கும். மற்ற பக்கங்களில் தொட்டிக்கும் பலகைக்கும் நடுவே மஞ்சள் நிற பாலியூரித்தேன் ஃபோம் சுவர் போல நிற்கும். கசியும் பைப் அதற்குள் எங்கேயோ இருக்கிறது. தோண்டியே ஆக வேண்டும் என்றானதும் எல்லோரும் கேட்பது, எது சீக்கிரம் வேலையை முடிக்கும் என்பதுதான். ஆனால் கருவியைத் தேர்ந்தெடுக்க அது சரியான அளவுகோல் அல்ல. ஃபோம் முடிந்து பைப் தொடங்குகிற இடத்தைக் கைக்கு உணர்த்துகிற கருவி எது என்று பார்க்க வேண்டும். ஒரு கசிவைத் தேடப் போய் இரண்டாவது கசிவை உண்டாக்கிவிட்டு வருவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் விபத்து.

உள்ளே இருப்பவை இரண்டு வகை. பம்பிலிருந்து போய்வரும் பெரிய பைப்புகள் பெரும்பாலும் 2 இன்ச் அல்லது 1½ இன்ச் பிவிசி. கெட்டியானவை, ஒரு கீறல் பட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. அவற்றிலிருந்து மேனிஃபோல்ட் (ஒரு பைப்பைப் பல முனைகளாகப் பிரிக்கும் பாகம்) வழியாகப் பிரிந்து, தொட்டிக்குள் நீரைப் பீய்ச்சும் ஒவ்வொரு ஜெட்டுக்கும் போகிறவை ¾ இன்ச் வினைல் ஹோஸ்கள். காற்று போகும் ஹோஸ்கள் அதைவிடச் சிறியதாகவும் இருக்கலாம். இந்த ஹோஸ் கையால் அழுத்தினால் நசுங்கும், நகத்தால் கீறினால் தடம் விழும். கூரான கத்தி ஃபோமுக்குள் எப்படி இறங்குகிறதோ அதே லேசில் ஹோஸுக்குள்ளும் இறங்கிவிடும். அறுத்தது கைக்குத் தெரியாது. மறுபடி தண்ணீர் நிரப்பும்போதுதான் தெரியும்.

தோண்டத்தான் வேண்டுமா?

கசிவு ஃபோமுக்குள் இருக்கிறது என்று முடிவு கட்டும் முன் பம்ப் பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பம்பின் தண்டு சீல், ஹீட்டரின் இரண்டு முனை யூனியன்கள் (திருகிக் கழற்றும் இணைப்புகள்), அவற்றுக்குள்ளிருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), கேட் வால்வின் தண்டு, வடிகால் குழாயின் மூடி எல்லாமே ஃபோம் இல்லாத இடத்தில் இருப்பவை. அங்கே சொட்டும் தண்ணீர் அடித்தட்டில் ஓடி எதிர் மூலையில் வெளியே வரும். அந்த மூலையைப் பார்த்துத் தோண்டத் தொடங்கினால் பாதி நாள் வீண்.

பிறகு நீர்மட்டச் சோதனை. மின்சாரத்தை நிறுத்தி, தொட்டியின் உள்சுவரில் நீர் மட்டத்துக்கு நேரே ஒரு டேப் ஒட்டிவிட்டு, நீர் தானாக இறங்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். எந்த உயரத்தில் இறங்குவது நிற்கிறதோ அந்த உயரத்தில்தான் ஓட்டை. ஒரு ஜெட் வரிசைக்குச் சற்றுக் கீழே நின்றால் அந்த வரிசையின் ஜெட் உடலோ, அதன் கசிவு தடுக்கும் கேஸ்கெட்டோ, ஹோஸ் முனையோ காரணம். கால் வைக்கும் குழி வரை இறங்கினால் அடியிலிருக்கும் உறிஞ்சு பைப் அல்லது வடிகால். நின்ற நிலையில் இறங்காமல் பம்ப் ஓடும்போது மட்டும் குறைந்தால், பம்பிலிருந்து வெளியேறும் அழுத்தப் பக்கத்தில் தேடுங்கள். ஒரு நாள் காத்திருக்க வேண்டிய சோதனை இது. அந்த ஒரு நாள், தோண்ட வேண்டிய பரப்பை வெகுவாகக் குறைத்துவிடும்.

உயரம் தெரிந்தபின் இடம். முனை மழுங்கிய மரக்குச்சி ஒன்றைப் பத்து செ.மீ. இடைவெளியில் ஃபோமுக்குள் மெதுவாகக் குத்தி இழுத்துப் பாருங்கள். நுனி ஈரமாக வரும் இடங்களைச் சாக்பீஸால் குறித்தால் ஈரத்தின் வடிவம் தெரியும். நீர் கீழேதான் இறங்கும் என்பதால் ஈரத்தின் மேல் விளிம்புதான் கசிவுக்கு மிக அருகில். ஒரு எச்சரிக்கை: கிடையாகப் போகும் பைப்பின் அடிப்பக்கத்தை ஒட்டி நீர் ஓடி, வெகு தூரம் தள்ளி ஃபோமில் ஊறும். மேல் விளிம்பு ஒரு பைப்பை ஒட்டி நீளமாகப் போனால், அந்த பைப்பின் இரண்டு முனைகளையுமே சந்தேகிக்க வேண்டும்.

தோண்டாமல் முடிக்க இரண்டு வழிகள் உண்டு. தொட்டி நீரில் ஊற்றிச் சுழல விடும் கசிவடைப்பான் திரவம் முதலாவது. ஒட்டிய இணைப்பில் மயிரிழை விரிசல், கேஸ்கெட் ஓரத்தில் லேசான கசிவு போன்றவற்றுக்கு முயன்று பார்க்கலாம். ஃபில்டரைக் கழற்றிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் அடைவது ஃபில்டர்தான். உறைபனியில் பிளந்த பைப், கழன்று வந்த ஹோஸ், உடைந்த ஜெட் உடல் ஆகியவற்றுக்கு இது ஒன்றும் செய்யாது. ஒரு மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி நீர் இறங்குகிறது என்றால் பாட்டிலை வாங்க வேண்டாம்.

இரண்டாவது, அந்த ஒரு ஜெட்டைக் கைகழுவிவிடுவது. முப்பது ஜெட் உள்ள தொட்டியில் ஒன்று போனால் யாருக்கும் தெரியாது. கசிவு ஹோஸில் என்றால் மேனிஃபோல்ட் முனையில் ஹோஸைக் கழற்றி அங்கே அடைப்பு போடலாம். இதில் பலர் தவறுவது ஒன்று உண்டு: மேனிஃபோல்டை மட்டும் அடைத்தால் பம்ப் நீர்தான் நிற்கும். தொட்டி நீர் ஜெட்டின் வாய் வழியாகப் பின்னால் இறங்கி, அதே பிளவு வழியாக ஒழுகிக்கொண்டே இருக்கும். ஜெட்டின் உள்பாகத்தைக் கழற்றிவிட்டு, திருகினால் விரிந்து இறுகும் ரப்பர் அடைப்பானைத் தொட்டியின் உள்பக்கமிருந்தும் போட வேண்டும். இரண்டு முனையும் அடைபட்டால்தான் வேலை முடிந்தது. மேனிஃபோல்ட் திறந்த பகுதியில் இருந்தால் இதற்குத் தோண்டவே தேவையில்லை.

எந்தப் பக்கமிருந்து நுழைவது

நீர்மட்டம் ஜெட் உயரத்தில் நின்றால் பக்கவாட்டில் நுழையுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. தொட்டியை நகர்த்த வேண்டாம். நீரை வைத்துக்கொண்டே கசிவைக் கண்ணால் பார்க்கலாம் என்பது பெரிய வசதி.

கால்குழியின் அடியில் கசிவு என்றால் பக்கவாட்டிலிருந்து கை எட்டாது. தொட்டியைக் காலி செய்து, எலக்ட்ரீஷியனை வைத்து மின் இணைப்பைக் கழற்றி, பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்து அடித்தட்டை வெட்ட வேண்டும். ஆறு பேர் உட்காரும் தொட்டி காலியாகவே முன்னூறு நானூறு கிலோ வரும். ஈரம் ஊறிய ஃபோம் இருந்தால் அதற்கும் மேல். பம்ப் பக்கம் கீழே வராதபடி, தடித்த மெத்தைத் துண்டுகள் மேல் சாய்க்க வேண்டும். அக்ரிலிக் விளிம்பு ஒரு புள்ளியில் எடை தாங்கினால் விரிசல் விடும். நாலைந்து பேர் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது.

உள்ளேயிருந்து அக்ரிலிக்கை வெட்டிப் பார்க்கலாமே என்ற யோசனை சிலருக்கு வரும். பின்னால் ஒட்டிய கண்ணாடி இழையோடு சேர்த்து அதை மறுபடி நீர் புகாமல் மூடுவது, பைப் கசிவை விடப் பெரிய வேலை.

கருவிகள்

எதைத் தொடும் முன்பும் பிரேக்கரை இறக்கி, யாரும் ஏற்றாதபடி பூட்டி, டெஸ்டரால் உறுதி செய்துகொள்ளுங்கள். ஃபோமுக்குள் வயர்களும் போகும்: விளக்கு, சென்சார், சில தொட்டிகளில் காற்று ஊதும் மோட்டாரின் வயர். கண்ணாடி, கையுறை, எஃப்எஃப்பி2 தர முகமூடி போட்டுக்கொள்ள வேண்டும். நாள்பட்ட ஈர ஃபோமில் பூஞ்சணம் இருக்கும்.

கைக்கருவிகள்தான் என் முதல் தேர்வு. ரொட்டி அறுக்கும் நீளமான பல் கத்தி, அதுவும் பழசாகி மழுங்கியது, ஃபோமை நன்றாக அறுக்கும். பிவிசியில் பட்டால் தடுக்கிக் கைக்குத் தெரியும். ஜிப்சம் போர்டு அறுக்கும் சிறு ரம்பமும் இதே வேலை செய்யும், ஆனால் அதன் நுனி கூரானது. அரம் கொண்டு நுனியை உருட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். முதலில் ஐந்து செ.மீ. ஆழத்துக்குக் கட்டம் கட்டமாக அறுத்து, ஒவ்வொரு கட்டத்தையும் பட்டிக் கத்தியால் நெம்பி எடுத்தால் ஃபோம் பாளம் பாளமாக வரும். உதிராமல் வந்த பாளங்களை எறியாதீர்கள், பின்னால் வேலைக்காகும்.

கெட்டியான மேல் பகுதி போய், பைப்புக்கு நாலைந்து செ.மீ. இருக்கும்போது கத்தியைக் கீழே வையுங்கள். இனிமேல் கரண்டி, பிளாஸ்டிக் சுரண்டி, விரல்கள். பைப்பின் மேல் ஃபோம் ஒட்டியிருந்தாலும் அந்த ஒட்டு அவ்வளவு பலமானதல்ல. பைப்பின் நீளவாக்கில் கரண்டியை அழுத்தி நெம்பினால் ஃபோம் ஓடு போலக் கழன்று, அடியில் பைப்பின் வழுவழுப்பு அச்சாகத் தெரியும். அந்த வழுவழுப்பான பள்ளம் தெரிந்தால், பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை அதன் வளைவே சொல்லிவிடும்: அகலமான வளைவு பெரிய பைப், விரல் பருமன் வளைவு ஹோஸ்.

முப்பது செ.மீ. நீள, அகல, ஆழத்தில் ஒரு குழி என்பது 27 லிட்டர் ஃபோம். காய்ந்த ஃபோம் என்றால் எடை ஒரு கிலோகூட வராது. ஆனால் உதிர்ந்தால் மூட்டை மூட்டையாகப் போகும், காற்றில் பறக்கும். வாக்யூமைப் பக்கத்திலேயே ஓடவிட்டுக்கொண்டு தோண்டுங்கள்.

அதிர்ந்து வெட்டும் மல்டி டூல், நேரான வெளிக்கோடுகளை அறுக்க உதவும். பிளேடு குத்தும் ஆழம் கொஞ்சம்தான் என்பது இங்கே குறை இல்லை, பாதுகாப்பு. பிளேடில் மூன்று செ.மீ. உயரத்தில் டேப் சுற்றி, அதற்கு மேல் இறக்காதீர்கள். ஒரே இடத்தில் பிடித்தால் உராய்வுச் சூட்டில் வினைல் ஹோஸ் இளகும். அடர்த்தி கூடிய, கட்டை போன்ற ஃபோமில் இது கைக்கு ஓய்வு தரும். மென்மையான ஃபோமில் கத்தியை விட வேகம் என்று சொல்ல முடியாது.

டிரில்லில் மாட்டும் கம்பித் தூரிகையைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்லியாக வேண்டும். எஃகுக் கம்பி ஃபோமைப் பொடியாக்கித் தள்ளும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் சுழலும் தூரிகை ஒரு ஹோஸைப் பிடித்தால் சுற்றி இழுத்து, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கும் முனையிலிருந்து கழற்றிவிடும். நைலான் தூரிகை வேறு கதை. பெரிய பிவிசி பைப் முழுதாக வெளியே தெரிந்த பிறகு, அதன் மேல் ஒட்டிய மிச்சத்தைத் துடைக்க அதைவிட நல்ல கருவி இல்லை. தோண்ட வேண்டாம், துடைக்க மட்டும்.

முன்பின் ஓடும் மின்ரம்பத்தை ஃபோமுக்குள் விடாதீர்கள். பிளேடின் நுனி எங்கே இருக்கிறது என்று பிடித்திருப்பவருக்கே தெரியாது. அடித்தட்டை வெட்ட மட்டும், அதுவும் ஆழம் தெரிந்த இடத்தில்.

தண்ணீரைப் பீய்ச்சும் பிரஷர் வாஷருக்கு ஆதரவாளர்கள் உண்டு, காரணமும் உண்டு. விசிறி போல விரியும் 25 அல்லது 40 டிகிரி நாசில் ஃபோமைக் கரைத்தது போல அள்ளிப்போகும். ஹோஸ் இருக்கும் இடத்தில் நின்றுவிடும். கை நுழையாத பின்பக்கங்களும் சுத்தமாகும். ஒரே புள்ளியில் பாயும் ஜீரோ டிகிரி நாசில் மட்டும் ஹோஸையே அறுத்துவிடும். சிக்கல் என்னவென்றால், கசிவு தேடும் வேலையில் எல்லாவற்றையும் நனைத்துவிட்டால் எது கசிவு நீர், எது நீங்கள் அடித்த நீர் என்று தெரியாது. மிச்ச ஃபோமும் ஊறும். கன்ட்ரோல் பெட்டி, பம்ப் மோட்டார், வயர் முனைகள் நனையும். கூடவே ஃபோம் துணுக்குகள் வடிகாலில் இறங்கி அடைக்கும், மண்ணோடு கலந்தால் பொறுக்க முடியாது. ஆகவே இதற்கு ஒரே இடம்: மின் பாகங்கள் எல்லாம் கழற்றி எடுக்கப்பட்டு, தொட்டி சாய்த்து வைக்கப்பட்டு, ஃபோம் முழுவதையும் எடுத்துவிடுவது என்று முடிவான பழைய தொட்டி. கீழே தார்ப்பாய் விரித்து, நீர் வெளியேறும் வழியில் வலை கட்டியாக வேண்டும்.

அசிட்டோன் ஊற்றிக் கரைக்கலாம் என்பது, ஃபோம் துப்பாக்கியைச் சுத்தம் செய்த அனுபவத்தில் வந்த தவறான முடிவு. இறுகாத பாலியூரித்தேன்தான் அசிட்டோனில் கரையும். இறுகிய பின் அது ஊறிக் கொஞ்சம் உப்பும், அவ்வளவுதான். அக்ரிலிக் தொட்டி, ஏபிஎஸ் பிளாஸ்டிக் அடித்தட்டு, பிவிசி மூன்றையும் அசிட்டோன் தின்னும். காப்பாற்ற வேண்டியதை அழித்து, எடுக்க வேண்டியதை விட்டுவைக்கும் திரவம்.

சூடான கத்தி, சூட்டுக் கம்பி, ஹீட் கன் எதுவும் வேண்டாம். தெர்மோகோல் உருகுவது போல பாலியூரித்தேன் உருகாது, கருகும். கருகும்போது வரும் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும்.

குழி எவ்வளவு பெரியது

இங்கே பெரும்பாலோர் கஞ்சத்தனம் காட்டுவார்கள். கசிவு கண்ணில் பட்டதும் தோண்டுவதை நிறுத்திவிட்டு, பிறகு கையை விட முடியாமல் தவிப்பார்கள். குழியின் அளவைத் தீர்மானிப்பது ஓட்டையின் அளவு அல்ல, ஒட்டுவேலையின் அளவு. 2 இன்ச் பைப்பின் வெளிவிட்டம் 60 மி.மீ. சுற்றிலும் விரல்கள் போய்வர ஐந்து செ.மீ. விட்டால் குழியின் அகலம் 16 செ.மீ. ஆகிவிடும். நீளவாக்கில் ஓட்டையின் இருபுறமும் 15 செ.மீ. பைப் தெரிய வேண்டும். இரண்டு முனையும் ஃபோமில் இறுகி அசையாமல் நின்றால் இரண்டு பைப்பைச் சேர்க்கும் சாதாரண கப்ளிங்கை நுழைக்க முடியாது. நடுவில் வளையும் பிவிசித் துண்டு ஒன்றை வைத்து இரு பக்கமும் கப்ளிங் போடுவதுதான் வழி.

தோண்டி முடித்ததும் உடனே வெட்டாதீர்கள். தொட்டியில் நீர் இருக்கட்டும். சந்தேகப்படும் ஒவ்வொரு இணைப்பையும் துடைத்துக் காயவைத்து, டிஷ்யூ பேப்பரை ஒரு சுற்று சுற்றிவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். கசியும் இணைப்பில் பேப்பர் ஒரு புள்ளியிலிருந்து கருத்துப் பரவியிருக்கும். மேலேயிருந்து வழிந்த நீர் என்றால் பேப்பரின் மேல் ஓரம் முழுவதும் ஒரே சீராக நனைந்திருக்கும். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் நல்ல எல்போவை (வளைவு இணைப்பை) வெட்டி எறிந்தவர்கள் ஏராளம்.

ஒட்டும்போது கெடுப்பவை இரண்டு. ஒன்று, பைப்பின் மேல் மெல்லிய படலமாக மிஞ்சும் ஃபோம். அதன் மேல் சொல்யூஷன் (பிவிசி பசை) பிடிக்காது. 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, பிறகு பிரைமர், பிறகு சொல்யூஷன். மற்றொன்று, காலி செய்த பிறகும் பைப்பின் பள்ளங்களில் நின்று சொட்டும் நீர். ஈரம் இழுக்கும் வாக்யூமை ஜெட் வாயில் வைத்து உறிஞ்சி எடுங்கள். ஒட்டியபின் ஒரு முழு நாள் விட்டால் நல்லது.

வினைல் ஹோஸ் என்றால், முள் போட்ட முனையிலிருந்து பழைய ஹோஸை முறுக்கி இழுக்க வேண்டாம். பழசான பிளாஸ்டிக் முனை உடைந்தால் ஜெட் உடலையே மாற்ற நேரும். நல்ல ஹோஸ் மிஞ்சியிருக்கும் இடத்தில் வெட்டி, நேர் இணைப்பான் ஒன்றைச் செருகி, இருபுறமும் எவர்சில்வர் கிளாம்ப் இறுக்குங்கள். புது ஹோஸின் முனையை வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்தால் தானாக ஏறும்.

குழியை எதனால் மூடுவது

உடனே மூடக் கூடாது. நிரப்பி, 38 டிகிரி வரை சூடேற்றி, எல்லாப் பம்பையும் வேகமாக ஓட்டி, இரண்டு மூன்று நாள் குழியைத் திறந்தே வைத்துப் பாருங்கள். குளிர்ந்த நீரில் கசியாத இணைப்பு, சூட்டில் பிளாஸ்டிக் விரியும்போது கசியும்.

வெட்டி எடுத்த பாளங்கள் காய்ந்தவையாக இருந்தால் அவற்றையே திரும்ப அடுக்குவதுதான் சிறந்தது. அடுத்த முறை கையால் எடுத்துவிடலாம். இடுக்குகளுக்கு மட்டும் டப்பா ஃபோம் அடியுங்கள். குழி முழுவதையும் டப்பா ஃபோமால் நிரப்பினால் உள்ளே இறுகாது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இறுகும் வகை, தடிமனாக அடித்தால் நடுவில் பிசினாகவே கிடக்கும். இரண்டு திரவம் கலக்கும் ஃபோம் அப்படியல்ல, ஆனால் இறுகும்போது சூடு கக்கும். ஒரு தடவைக்கு ஐந்து செ.மீ. தடிமனுக்கு மேல் வேண்டாம், ஆறியபின் அடுத்தது. இறுகுவதற்கு முன் அதிலிருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்குக் கெடுதல். தூசி முகமூடி போதாது, ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் முகமூடி வேண்டும். கண்ணாடிப் பஞ்சு, கல் பஞ்சு எதையும் அப்படியே திணிக்காதீர்கள். ஈரம் பட்டால் பிழியாத துணி போலக் கிடக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் சமாளிக்கலாம்.

பழைய ஃபோம் பைப்பைத் தாங்கியும் நின்றது. அதை எடுத்தபின் பம்ப் ஓடும்போது பைப் ஆடி, புது ஒட்டே விரிசல் விடும். மரச்சட்டத்தில் பட்டை போட்டுக் கட்டிய பிறகே மூடுங்கள். புது ஃபோம் ஊற்றுவதாக இருந்தால், பழுது பார்த்த பைப்பில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிவிட்டால் அது ஒட்டாது. பலகையை மாட்டும் முன் டேப் அளவுகோலைக் குழியில் நிறுத்தி ஒரு படம் எடுத்து, பலகையின் உள்பக்கத்தில் தேதியும், மூலையிலிருந்து எத்தனை செ.மீ. தள்ளி என்பதையும் மார்க்கரால் எழுதிவிடுங்கள்.